உம்மணாமூஞ்சிக்கு ஊட்டுவது எப்படி?

அந்த அலுவலகத்துக்கு மூன்று மாடிகள். மூன்றிலும் தேடினாலும் ஓர் எறும்பு அகப்படாது. வாரம் தவறாமல் மருந்தடித்துவிடுவார்கள். ஆனால் வாசலில் 'உயிர்களைப் பேணுகிறோம்' என்று ஆளுயர எழுத்து. அங்கே பேணப்பட்ட உயிர்கள் எல்லாம் கைபேசிக்குள் இருந்தன.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவியைப் போல நீங்களும் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். ஒருவர் தன் கைபேசியில் ஒரு பிராணியை வாங்குகிறார். அது நாயும் இல்லை, பூனையும் இல்லை. உருளைக்கிழங்குக்குக் கண்ணும் காலும் முளைத்த மாதிரி ஒன்று. அதற்கு வயிறு உண்டு. திரையில் நீலக் கோடாகத் தெரியும். நேரம் போகப் போகக் கோடு தேயும். இலைப் படத்தைத் தொட்டால் பிராணி மென்று விழுங்கும், கோடு நிரம்பும். தொடாமல் விட்டால் கோடு தீர்ந்து செத்துப்போகும். இதுவரைக்கும் குழந்தை விளையாட்டு. இவற்றின் பிறப்பு, சாப்பாடு, சாவு எல்லாமே பிளாக்செயினில் பதிவாகும் என்றதும் பெரியவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். பிளாக்செயின் என்றால், எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே விஷயத்தை ஒரே சமயத்தில் எழுதிவைத்துக்கொள்வது. எழுதியதை அழிக்க வேண்டுமானால் அத்தனை கணினிகளின் காலிலும் விழ வேண்டும். ஆகவே செத்தது செத்ததுதான். நிஜ நாய் செத்தாலாவது பிள்ளைகளிடம் 'தூங்குது' என்று பொய் சொல்லலாம். இங்கே அதற்கும் வழி கிடையாது.

ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்குக் கொஞ்ச நாளில் ஊட்டுவது அலுத்துப்போனது. அவர்களுக்குப் பதிலாக ஊட்டுவதற்கு இந்த நிறுவனம் செயற்கை நுண்ணறிவில் ஓர் ஏஜென்ட்டை உருவாக்கியது. பிராணியை அதனிடம் ஒப்படைத்துவிட்டால் வேளாவேளைக்கு அது பார்த்துக்கொள்ளும். ஊட்ட நேரமில்லாதவர்கள் எதற்காகப் பிராணி வாங்கினார்கள் என்று நான் சேர்ந்த அன்றே கேட்டேன். அந்தக் கேள்வி என் வேலைக்குள் வராது என்றார்கள்.

என் வேலை, அந்த ஊட்டல் கருவிக்குக் கையேடு எழுதுவது. நான் பரம்பரைக் கவிஞன் இல்லை, கையேட்டுக்காரன். தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், காதுக் கருவி என்று எழுதி எழுதியே தலை நரைத்தவன். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்ற வாக்கியத்தை என்னைவிட அதிக முறை எழுதியவர் யாராவது இருந்தால் அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வரலாம். பழைய தொழிற்சாலையை மூடிய பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இங்கே கையேடு ஒப்புதல் பெற்றால் வேலை நிரந்தரம் என்றார்கள்.

ஏஜென்ட்டைக் கட்டிய பொறியாளரை எல்லாரும் ஹெட்போன் என்றுதான் கூப்பிட்டார்கள். காதிலிருந்து அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. முதல் நாள் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "கையேட்டைப் படிக்கப்போறவங்க யாரு? பெரியவங்களா, குழந்தைங்களா?" என்று கேட்டேன். அதைத் தெரிந்துகொண்டுதான் நான் பேனாவைத் தொடுவேன்.

"மனுஷங்க யாரும் படிக்கமாட்டாங்க சார்."

"அப்புறம்?"

"ஏஜென்ட்தான் படிக்கும். ஒவ்வொரு தடவையும் ஊட்டறதுக்கு முன்னாடி உங்க கையேட்டை முழுசாப் படிச்சுட்டுத்தான் வேலையைத் தொடங்கும். நீங்க என்ன எழுதறீங்களோ அதை அப்படியே செய்யும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாழ்நாள் முழுக்க நான் எழுதிய கையேடுகள் பிரிக்கப்படாமலே அட்டைப்பெட்டியோடு பரண் ஏறியவை. வாங்கியவர்கள் இயந்திரத்தைக் கெடுத்த பிறகுதான் 'அதுல ஒரு புக்கு இருந்துச்சே' என்று தேடுவார்கள். கடைசியில் எனக்கும் ஒரு வாசகர் கிடைத்துவிட்டார். அதுவும் சொன்னபடி கேட்கும் வாசகர். அன்றைக்கே எழுதி முடித்தேன்.

'பிராணியின் வயிற்றைப் பார். பாதிக்குக் கீழே இருந்தால் ஊட்டு. நிரம்பியதும் நிறுத்து.'

ஹெட்போன் அதைக் கணினியில் ஏற்றினார். ஏஜென்ட் படித்தது, பார்த்தது, ஊட்டியது, நிறுத்தியது. சோதனைக்கு விட்ட பிராணிகள் எல்லாம் கொழுகொழுவென்று திரையில் உருண்டன. மறுநாளே ஊட்டல் கருவியை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள்.

அந்தத் துணிச்சலில்தான் என் மகளிடம் பேசினேன். அவளிடமும் ஒரு பிராணி இருந்தது. பசித்தால் அதன் உதடு இரண்டு பக்கமும் கீழே தொங்கும் என்பதால் உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தாள். பள்ளிக்குப் போகும்போது காலணி மாட்டிக்கொண்டே ஊட்டுவாள். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே என்னைக் கைபேசியோடு நிற்கவைத்து, "கோடு எவ்ளோ இருக்குப்பா?" என்று கத்துவாள். கணக்குப் பாடத்தில் மதிப்பெண் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிக்கொண்டிருந்தது.

"அதை ஏஜென்ட்கிட்ட குடுத்துரும்மா. அது பாத்துக்கும்."

"சாகடிச்சுட்டா?"

"எப்படிச் சாகும்? அது படிக்கிறதே அப்பா எழுதினதைத்தான். அப்பா இருக்கேன்ல?"

அவள் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பொத்தானை அழுத்தி ஒப்படைத்தாள். ஒப்படைத்துவிட்டு அழுதாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வாரம் ஆவண மறுஆய்வுக் குழு கூடியது. கண்ணாடி அறை, நீள மேஜை, மூலையில் பிளாஸ்டிக் செடி. அந்தச் செடிக்கு ஒருவர் தினமும் வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். மேஜையின் தலைமாட்டில் தலைமை ஊட்டல் அதிகாரி. அப்படி ஒரு பதவி உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவருக்கு வலப்பக்கம் சட்ட ஆலோசகர், இடப்பக்கம் பிராணி நலன் அதிகாரி. இருவரும் பெண்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, அதிகாரி வழியாகத்தான் பேசுவார்கள்.

அதிகாரி என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"மூணே மூணு வாக்கியமா?"

"ஆமா சார். அதுவே போதும்."

"இதுக்கு முன்னாடி துணி துவைக்கிற மெஷினுக்கு எழுதினீங்களே, அது எத்தனை பக்கம்?"

"நாப்பது பக்கம் சார்."

"அழுக்குத் துணிக்கு நாப்பது பக்கம். ஒரு உயிருக்கு மூணு வாக்கியம்." அறையில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் குனிந்தேன். அவர் எழுந்து நின்றார். "நான் வெளிப்படையாச் சொல்றேன். இந்தப் பதவிக்கு வர்றவரைக்கும் நான் ஒரு மீனைக்கூட வளர்த்ததில்ல. என் பிள்ளைங்களுக்கு ஊட்டினதும் என் மனைவிதான். அதனாலதான் ஊட்டற விஷயத்துல எனக்கு எந்த முன்முடிவும் கிடையாது. திறந்த மனசோட இருக்கேன். அப்படி ஒருத்தர் வேணும்னுதான் நிர்வாகம் என்னைத் தேடிப் பிடிச்சுது."

கைதட்டினார்கள். சட்ட ஆலோசகர் பேனாவால் என் தாளில் ஒரு சொல்லைச் சுழித்தார்.

"'ஊட்டு'ன்னு எழுதியிருக்கீங்க. இது கட்டளை. நாளைக்கு ஒரு பிராணிக்கு அஜீரணம் ஆச்சுன்னா?"

"ஆகாதுங்க மேடம். அதோட வயிறே ஒரு கோடுதான்."

"ஆகாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?" நான் விழித்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். "பாருங்க, ஊட்டினா நாம ஒண்ணு செஞ்சவங்க ஆயிடறோம். செஞ்சா பொறுப்பு வரும். ஊட்டலைன்னா நாம ஒண்ணுமே செய்யலை. ஒண்ணுமே செய்யாதவங்க மேல போட்ட வழக்கு எதுவும் நான் பார்த்தவரைக்கும் நின்னதில்ல."

'ஊட்டு' என்பதை அடித்துவிட்டு 'ஊட்டுவதைப் பரிசீலிக்கலாம்' என்று மாற்றினார்கள். முன்னால் ஐந்து பக்கத்துக்கு நிறுவனத்தின் நோக்கம், பார்வை, விழுமியம் எல்லாம் சேர்ந்தன. ஹெட்போன் மட்டும் மெதுவாக, "இதை இப்படியே ஏத்தணுமா?" என்று கேட்டார்.

"ஒப்புதல் ஆயிடுச்சே, அப்புறம் என்ன?" என்றார் அதிகாரி.

"அது எழுதினதை அப்படியே நம்பிடும் சார். நம்மளை மாதிரி இல்ல."

ஏற்றினார். அன்று மாலை திருத்திய பக்கங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் மனைவி, தட்டு வைக்க இடமில்லாமல் அவற்றை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்: "நான் மாத்திரைக் கவர்ல 'சாப்பாட்டுக்கு அப்புறம்'னு எழுதிக் குடுக்கறேன். நோயாளி நோக்கம், பார்வைன்னு எதுவும் கேட்டதில்ல. முழுங்கிட்டுப் பொழைச்சுக்கறாங்க." நான் பக்கங்களை அடுக்கி மேஜை ஓரத்தில் வைத்தேன். எனக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து ஏஜென்ட் பரிசீலிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் அறிக்கை. ஒன்றை எனக்கு மனப்பாடமாகவே தெரியும்: 'இப்பிராணியின் வயிறு பாதிக்குக் கீழே உள்ளது. ஊட்டலாமா என்று பரிசீலித்தேன். ஊட்டினால் பசி தீரும். எனினும் தீர்ந்த பசி மீண்டும் வரும் என்பதையும் கருத வேண்டியுள்ளது. தொடர்ந்து பரிசீலிப்பேன்.'

அதிகாரி இதை மாடி மாடியாக எடுத்துப் போய் வாசித்துக் காட்டினார். "என்ன ஒரு முதிர்ச்சி! என்கிட்ட வேலை பாக்கற ஒருத்தர்கூட இப்படி எழுதறதில்ல," என்றார்.

"சார், அது நல்லா யோசிக்குது. ஆனா ஊட்டமாட்டேங்குது."

"அவசரப்படறீங்க. உங்களுக்கு மோட்டார் புத்தி. சுவிட்சைப் போட்டா உடனே தண்ணி வரணும்."

அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடிப்பேன், வருவேன், மறுபடி எழுவேன். என் மேஜைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவே தரைவிரிப்பு தேய்ந்ததற்கு நான்தான் காரணம். தனித்தனிப் பிராணிகளைப் பார்க்கும் அனுமதி எனக்குக் கிடையாது. நடுக்கூடத்தில் தொங்கிய பெரிய திரையில் மொத்தக் கணக்கு மட்டும் தெரியும். 'பசியில் உள்ள பிராணிகள்' என்று தலைப்பு. கீழே ஏறிக்கொண்டே இருக்கும் எண். அந்த எண்ணுக்குள் எங்கோ உம்மணாமூஞ்சியும் உதட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும் என்று நினைத்துக்கொண்டே மறுபடி குழாய்க்குப் போவேன்.

எண் ரொம்ப ஏறியதால் குழு மறுபடி கூடியது. அப்பாடா, 'ஊட்டு' திரும்பி வந்துவிடும் என்று நம்பிப் போனேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. நலன் அதிகாரி கண் கலங்கப் பேசினார்.

"இத்தனை நாளா எல்லாரும் பேசினீங்க. ஊட்டறவங்களைப் பத்திப் பேசினீங்க, வாங்கினவங்களைப் பத்திப் பேசினீங்க. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்தப் பிராணிகிட்ட 'உனக்குச் சாப்பிட விருப்பமா'ன்னு கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லைதான். அறை வெட்கப்பட்டது. 'பரிசீலிக்கும் முன் பிராணியின் விருப்பத்தைக் கேட்டறிக' என்று ஒரு வாக்கியம் சேர்ந்தது. அதற்குப் பேச்சு வராது என்று நான் சொன்னதை, 'பேச்சு வராதவர்களுக்கு எதிரான மனப்பான்மை' என்று குறித்துக்கொண்டார்கள்.

ஏஜென்ட் எல்லாப் பிராணிகளிடமும் கேட்டது. காத்திருந்தது. மறுபடி கேட்டது. பிறகு அதன் அறிக்கை வந்தது: 'யாரும் பதில் சொல்லவில்லை. உணவை மறுப்பதாகக் கருதுகிறேன். அனைவரும் ஒரே நேரத்தில் மறுப்பதால் இது ஒருங்கிணைந்த உண்ணாவிரதமாக இருக்கலாம்.'

அலுவலகம் நடுங்கிவிட்டது. கதவுகளைச் சாத்திக்கொண்டு அவசரக் கூட்டம் போட்டார்கள். தூண்டிவிட்டது யார் என்று ஒரு கேள்வி. போட்டி நிறுவனமா? சட்ட ஆலோசகர் என்னைப் பார்த்தார். "போன வாரமே 'ஊட்டமாட்டேங்குது'ன்னு இவர் சொல்லிட்டிருந்தாரே. முன்கூட்டியே இவருக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள்.

"பேச்சுவார்த்தைக்கு நாம தயார்னு சொல்லுங்க," என்றார் அதிகாரி. "அவங்க கோரிக்கை என்னன்னு கேளுங்க. நியாயமா இருந்தா ஒரு துணைக்குழு போடுவோம். நியாயமா இல்லன்னா ரெண்டு போடுவோம்."

ஏஜென்ட் கோரிக்கையைக் கேட்டது. பதில் இல்லை. 'கோரிக்கையை வெளியிட மறுக்கிறார்கள். உறுதியாக இருக்கிறார்கள்' என்று அறிவித்தது. அதிகாரிக்கு அவற்றின்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

"அப்ப, பேச்சுவார்த்தை முடியறவரைக்கும் யாரும் ஊட்டக்கூடாது," என்றார் சட்ட ஆலோசகர். "உண்ணாவிரதத்துல இருக்கறவங்களுக்கு வலுக்கட்டாயமா ஊட்டறது குற்றம். அப்புறம், உரிமையாளருங்க யாராவது பயந்துபோய்ப் பிராணியைத் திருப்பி எடுத்துட்டா அது போராட்டத்தை உடைச்ச மாதிரி. திரும்பப் பெறுகிற வசதியையும் நிறுத்திவைக்கணும்னு எழுதிக்கோங்க."

எழுதிக்கொள்ள வேண்டியவன் நான்தான். எழுதினேன். எழுதிய கையோடு, அடிக்குறிப்பில் பொடி எழுத்தில், 'இவை ஒருபுறம் இருக்க, முதலில் ஊட்டு' என்று செருகிவிட்டேன். சட்ட ஆலோசகருக்குக் கண்ணாடி இல்லாமலே பொடி எழுத்து தெரியும், பிழைப்பே அதில்தானே. அடித்துவிட்டு, ஓரத்தில் 'ஆசிரியர் உணர்ச்சிவசப்படுகிறார்' என்று எழுதினார். நான் ஹெட்போனிடம் ஓடினேன். திரும்பப் பெறும் வசதி நிற்பதற்குள் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

"கொஞ்சம் பொறுத்து ஏத்துங்களேன்."

"ஏத்தியாச்சு சார். கூட்டம் நடக்கும்போதே ஏத்தச் சொல்லிட்டாங்க." அவர் என் முகத்தைப் பார்த்தார். "உங்க வீட்டுப் பிராணி ஏதாவது இதுல இருக்கா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்.

வீட்டில் மகள் மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். 'உம்மணாமூஞ்சி எப்படிம்மா இருக்கு?' என்று கேட்க வாய் வரவில்லை. அவள்தான் கேட்டாள்.

"ஆஃபீஸ்ல என்னப்பா நடக்குது?"

"பேச்சுவார்த்தை."

"யாரோட?"

"உருளைக்கிழங்கோட," என்றாள் என் மனைவி அடுப்படியிலிருந்து. "உங்கப்பா மாசக்கணக்கா வீட்டுல சும்மா இருந்தப்போகூட இவ்ளோ பரிதாபமா இருந்ததில்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு எழுந்து போய் முகம் கழுவினேன்.

சில நாள் கழித்து, முற்பகலில், நடுக்கூடத்தில் ஆரவாரம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் திரையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. ஏறியதைவிட வேகமாக இறங்கியது. மூன்று மாடிக்காரர்களும் படிகளில் வந்து நின்று பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் தோளில் தட்டிக்கொண்டார்கள். "பேச்சுவார்த்தை ஜெயிச்சுடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். எங்கிருந்தோ ஒரு கேக் வந்தது. எனக்கும் ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. சாப்பிட ஆரம்பித்துவிட்டன என்றே நினைத்தேன்.

ஹெட்போன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவருக்குக் காது இருப்பதை எல்லாரும் அன்றுதான் பார்த்தோம்.

"பசி குறையலை சார்," என்றார். "பசிக்கிறதுங்க குறையுது."

கைதட்டலில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது. எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் பொத்தானை அழுத்தி ஒப்படைத்திருப்பார்கள்! ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது, ஆயிரக்கணக்கான கணினிகள் சிரத்தையாக எழுதிக்கொண்டிருந்தன. அதிகாரிக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. அவர் முகம் வெளிறியது. கொஞ்ச நேரம் யோசித்தார். வெளிறல் போய்விட்டது. நாற்காலி மேல் ஏறினார்.

"நண்பர்களே! நம்ம நோக்கம் என்ன? கையேட்டு முதல் பக்கத்துலயே இருக்கு. பிராணிகளோட பசியை ஒழிக்கிறது. எப்படி ஒழிக்கணும்னு அதுல எங்கயாவது இருக்கா? இல்ல. நாம அவங்க விருப்பத்தைக் கேட்டோம். மதிச்சோம். இன்னிக்கு நம்மகிட்ட ஒப்படைச்ச எந்தப் பிராணிக்கும் பசி கிடையாது. இனிமே என்னிக்குமே கிடையாது. இந்தத் துறையில இதை யாரும் சாதிச்சதில்ல!"

கேக்கை வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அப்போதுதான் யாரோ திரையைக் காட்டினார்கள். எண் சுழியத்துக்கு வந்து, மறுபடி ஒன்று ஆகியிருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுழியம் ஆனது. கொஞ்ச நேரத்தில் மீண்டும் ஒன்று.

"திரை கெட்டுப்போச்சா?" என்றார் அதிகாரி.

"இல்லை சார்," என்றார் ஹெட்போன். அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு களை. "ஒரு தடவை ஏஜென்ட்கிட்ட குடுத்துத் திருப்பி எடுத்ததும் மொத்தக் கணக்குல வரும். ஏதோ ஒண்ணு இன்னும் பசிச்சுப் பசிச்சுச் சாப்பிட்டுட்டு இருக்கு."

அது யாருடைய பிராணி என்று கண்டுபிடிக்கச் சட்ட ஆலோசகருக்கு அதிக நேரம் ஆகவில்லை. என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"இது உங்க பொண்ணோடது," என்றார். "நம்மகிட்ட ஒப்படைச்சு, கையேட்டை நாம முதல்ல திருத்தின மறுநாளே திருப்பி எடுத்திருக்கா. உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடந்துதா?"

நாற்காலியைக்கூடப் பார்க்காமல் தரையிலேயே உட்கார்ந்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உயிரோடு இருக்கிறது! அந்த உருளைக்கிழங்கு உயிரோடு இருக்கிறது! பிளாஸ்டிக் செடியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஆசிரியர் உணர்ச்சிவசப்படுகிறார்," என்று சட்ட ஆலோசகர் எழுதிக்கொண்டார்.

அதிகாரி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "எழுந்திருங்க. நல்ல செய்திதான். உங்க கையேட்டுக்கு இன்னிக்கே ஒப்புதல் குடுத்துடறேன். வேலை நிரந்தரம். ஒரே ஒரு சின்ன விஷயம். நாளைக்கு முதலீட்டாளருங்க வர்றாங்க. அந்தத் திரையில சுழியம் அசையாம நிக்கணும். உங்க பொண்ணு அதை மறுபடி ஏஜென்ட்கிட்ட ஒப்படைச்சுட்டாப் போதும்."

"அதுக்குப் பசிச்சா அவளே ஊட்டிடுவா சார். சுழியம் வந்துடும்."

"மறுபடியும் பசிக்குமே?"

"உயிரோட இருந்தா பசிக்கும் சார்."

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்," என்றார் அவர் அன்பாக.

அறையில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பூசி மெழுகி ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த அறையில் கற்றுக்கொண்ட சொற்கள் எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தன. எனக்கு எரிச்சலாக இருந்தது.

"முடியாது சார்," என்றேன்.

அறைக்கு அந்தச் சொல் பழக்கமில்லை. அதிகாரி சட்ட ஆலோசகரைப் பார்த்தார். சட்ட ஆலோசகரின் பேனா நின்றுவிட்டது. "இதை எப்படிப் பதிவு பண்றது?" என்று கேட்டார். "'தற்சமயம் இயலாத சூழல்'னு போட்டுக்கலாமா?"

"இல்லைங்க மேடம். முடியாதுன்னே போடுங்க."

"'கொள்கையளவில் உடன்பாடு, செயலளவில் தாமதம்'?" என்றார் நலன் அதிகாரி ஆசையோடு.

"முடியாது. மு, டி... நானே எழுதிக் குடுக்கறேன், இப்படிக் குடுங்க." பேனாவை வாங்கி அவர் தாளிலேயே எழுதிவிட்டு வெளியே வந்தேன். என் மேஜையில் எடுத்துக்கொள்ள ஒரு தண்ணீர்ப் புட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. அதையும் விட்டுவிட்டேன். ஹெட்போன் வாசல்வரை கூடவே வந்தார்.

பட்டப்பகலில் வீட்டுக்கு வந்த என்னை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். அன்று அவளுக்கு விடுமுறை.

"விட்டுட்டீங்களா?"

"ம்."

"சரி, கை கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்." அவ்வளவுதான் சொன்னாள். மற்றதை அப்புறம் சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

பள்ளியிலிருந்து வந்ததும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "உம்மணாமூஞ்சியை நீ திருப்பி எடுத்துட்டியா? ஏன்மா அப்பாகிட்ட சொல்லலை?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்." அவள் காலணியைக் கழற்றிக்கொண்டே பேசினாள். "மேஜைல நீங்க வெச்சிருந்த பேப்பரைப் படிச்சேன். அதுல 'ஊட்டுவதைப் பரிசீலிக்கலாம்'னு போட்டிருந்துச்சு. அப்படின்னா என்னன்னு டீச்சர்கிட்ட கேட்டேன். 'பாக்கலாம்'னு அர்த்தம்னாங்க."

"அதனால?"

"நான் சைக்கிள் கேட்டப்போ நீங்க பாக்கலாம்னீங்க. நாய்க்குட்டி கேட்டப்போ அம்மா பாக்கலாம்னாங்க. கடலுக்குப் போலாமான்னு கேட்டப்பவும் பாக்கலாம்தான்." அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை, கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னாள். "பாக்கலாம்னா செய்யமாட்டாங்கன்னு எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரியும்ப்பா. அதான் உடனே எடுத்துட்டேன்."

என் மனைவி பாத்திரத்தை எடுக்கும் சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

"மத்தவங்களோடதெல்லாம் என்னாச்சு?" என்று மகள் கேட்டாள்.

பொய் சொல்ல வழியில்லை என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் சத்தம் போடாமல் அழுதாள். அவள் வகுப்பில் மட்டும் எத்தனை பேர் வைத்திருந்தார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னாள். நான் எழுதியதைத்தான் அது படித்தது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அப்போது அவள் பையிலிருந்து கைபேசி முனகியது. எடுத்தாள். உம்மணாமூஞ்சி உதட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. கோடு பாதிக்குக் கீழே வந்திருந்தது. நான் கையை நீட்டினேன்.

"குடும்மா. இன்னிக்கு ஒருவேளை அப்பா ஊட்டறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"பாக்கலாம்ப்பா," என்றாள்.